வினைச்சொல் வருமுன்

பேர்ண் ஆஸ்பத்திரி, நாலாம் மாடி.
மணித்தியாலக் கணக்கில் எனக்குச் சம்பளம்.
சொன்னதைச் சொல்லலாம். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.
பெருமூச்சு மொழிபெயர்ப்பில் சேராது.

திருமதி ஏபர்சோல்ட் கேட்கிறா:
சிறுநீரகம் கொடுக்கச் சொல்லி உங்களை யாராவது...
'வற்புறுத்தினார்களா' என் வாயைவிட்டு இன்னும் இறங்கவில்லை.
"இல்லை" என்கிறா பத்மலோஜினி.
தமிழில் வினைச்சொல் கடைசிப் பஸ்ஸில்தான் வரும்.
அவ அதற்குக் காத்து நிற்கவில்லை.

அவவின் கணவர் கனகசிங்கத்துக்கு
நாலு சகோதரங்கள். நாலும் ஆண்.
ஒருவர் லொறி ஓட்டுகிறார்.
ஒருவருக்குப் பிரஷராம்.
ஒருவருக்குப் பிள்ளைகள் சின்னன்
(பத்மலோஜினியின் கடைக்குட்டி இன்னும் பாலர் வகுப்பில்;
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை).
நாலாமவர் நல்ல மனுசன்,
ஞாயிறு தவறாமல் தோடம்பழத்தோடு வந்து பார்ப்பார்.
டயாலிசிஸ்காரருக்குத் தோடம்பழம் ஆகாது.

"கணவர் உங்களிடம் கேட்டவரா?"
"சீ, அவர் வாய்திறந்து கேட்கிற ஆள் இல்லை."
மொழிபெயர்த்தேன்.
ஈ என்றும் தா என்றும் கொடு என்றும்
கேட்பவரின் உயரம் பார்த்து
மூன்று சொல் வைத்திருக்கிற மொழி எங்களது.
கேளாமலே கிடைக்கிறவருக்கு
ஒன்றும் வைக்கவில்லை.

அடுத்த கிழமை அதே கதிரையில் சுபோதினி.
மூன்று வருடமாய் மெஷினில்.
புருஷனுக்கும் அவவுக்கும் ஒரே இரத்தம், ஓ பொசிட்டிவ்.
"ஐயோ, அவரிட்டக் கேட்காதேங்கோ,
உழைக்கிற மனுசன்."
மெஷின் இல்லாத நாட்களில்
கேனிட்ஸ் பள்ளிக்கூடத்துப் படிக்கட்டெல்லாம்
துடைக்கிறது இவதான்.
அது கேள்வியில் இல்லை.

எங்கட ஆக்கள் இப்படித்தான் என்று
நடைவழியில் நின்று நினைத்துக்கொண்டேன்.
பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருந்தது:
எமன்டால் பக்கத்து விவசாயி மனைவி,
வெடித்த விரல்கள், சப்பாத்தில் காய்ந்த சாணி.
ஏபர்சோல்ட் அதே கேள்வியைத் தொடங்கினா.
ஜெர்மனிலும் அந்தச் சொல் கடைசியில்தான் வரும்.
அவவும் காத்து நிற்கவில்லை.

கீழே லிஃப்ட் வாசலில்
தோடம்பழப் பையோடு நாலாமவர்.
"தங்கச்சி, அண்ணிக்கு எல்லாம் சம்மதம்..."
"ஓம்" என்றேன்,
அவர் முடிக்குமுன்.