இரண்டு விநாடி கறுப்பு

அந்த அம்மையாரைப் பற்றி இது மூன்றாவது படம்.
முதலாவது போருக்கு முன்னமே முடிந்துவிட்டது,
தொப்பிக் கடையும் ஒரு காதலும் கொஞ்சம் மழையுமாக.
இரண்டாவது போருக்குப் பிறகு தொடங்கியது:
வயதான விரல்கள், ஊசி, கைதட்டல்.
மூன்றுக்கும் தமிழ் வரிகள் எழுதியது நான்தான்,
வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் போகும்போதெல்லாம்
மேசை நடுங்கும் இந்த அறையில்.

இதில் போர் இருக்கிறது.
ஐம்பத்தோராவது நிமிடத்தில்
திரை இருண்டு இரண்டு விநாடி நிற்கிறது.
பிறகு எழுத்து: சில ஆண்டுகளுக்குப் பின்.

சில.
எண்ணிப் பார்த்தேன், பதினைந்து.
மூலத்திலும் அப்படித்தான், என்னைக் குறை சொல்ல முடியாது.
ஒரு வரி முப்பத்தெட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி.
பதினைந்து வருடமும் அதற்குள் அடங்கிவிட்டது
உட்புறமாக மடித்துத் தைத்த விளிம்பு மாதிரி.

இருளுவதற்குச் சற்று முன்னால் ஒரு ஹோட்டல் அறை.
அவர் கண்ணாடி முன் தோட்டைக் கழற்றுகிறார்.
கதவுக்கு அப்பால்
சப்பாத்து மினுங்கும் ஓர் அதிகாரி
தொலைபேசியில் ஜெர்மன் கதைக்கிறான்.
விநியோகக் கம்பனியின் குறிப்பு:
'பின்னணிப் பேச்சு. வரி தேவையில்லை.'

தேவையில்லைதான்.
ஆனாலும் அந்தப் பதினொரு விநாடியை வெட்டி
டோட்முண்டில் இருக்கும் யோகமலருக்கு அனுப்பினேன்.
ஆஸ்பத்திரியில் இரவு வேலை அவளுக்கு.
விடியப்புறம் குரல் வந்தது, வாளி இழுபடும் சத்தத்தோடு:
'சரியா விளங்கேல்லை மச்சாள், பியானோ வேற போட்டிருக்கிறாங்கள்.
அந்தச் சகோதரங்கள் ஓடிப்போட்டினமாம்.
இனிக் கம்பனி அவவின்ரதானாம்.
கையெழுத்து மட்டும் வைச்சாச் சரியாம்.
இது என்ன படம்? உடுப்புகள் வடிவோ?'

வடிவு. பொய் சொல்லக் கூடாது.
அந்த உடையின் தோள் விழும் விதத்தை
மூன்று தரம் நிறுத்திப் பார்த்தேன்.

நான் ஒன்றும் சுத்தமான ஆளில்லை.
பன்னிரண்டு வருடத்துக்கு முன்
ஓர் ஆடைத் தொழிற்சாலையின் விளம்பரப் படம்:
வடக்கில், புதுக் கூரையின் கீழ்
நீல ஏப்ரனில் நானூறு பெண்கள்.
கமெரா ஒருத்தியிடம் நின்றது. அவள் இரண்டு நிமிடம் பேசினாள்.
அதில் அண்ணனின் பெயர் இருந்தது,
ஒரு திகதி இருந்தது,
அந்தக் கூரைக்கு முன்னே அங்கு நின்ற கிணறும் இருந்தது.
'இப்போது நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம்' என்று
ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்.
கேட்டார்கள், கொடுத்தேன்.
அந்தக் காசில் வாங்கியதுதான் இந்த மேசை.

இம்முறை அதிகாரியின் பேச்சுக்கு வரி போட்டேன்.
மூன்று வரி. எல்லாம் முப்பத்தெட்டுக்குள்.

கொழும்பு ஏழில் திரையிடல்.
வாசலில் ஜெஹான் எல்லோரின் மணிக்கட்டிலும்
ஏதோ வாசனை தெளித்துக்கொண்டிருந்தான்.
பட்டும் கைத்தறியும் உரசிக்கொள்ள மண்டபம் நிறைந்தது.
ஹோட்டல் வந்தது. கண்ணாடி வந்தது. தோடு.
அதிகாரி வாய் திறந்தான்.
கீழே ஒன்றுமில்லை.
யாரோ பிரித்தெடுத்திருந்தார்கள், நூல் நுனிகூட மிஞ்சாமல்.

திரை இருண்டது.
அந்த இரண்டு விநாடிக்குள்
முன்வரிசையில் ஒரு கைப்பை பூட்டும் சத்தம்.
பிறகு என் வரி,
ஒற்றுப்பிழை இல்லாமல்:
சில ஆண்டுகளுக்குப் பின்.

மறுநாள் பில் எழுதினேன்.
கூலி நிமிடக் கணக்கு,
பேச்சில்லாத இடத்தைக் கழித்துவிட வேண்டும்.
கடலைக் கழித்தேன், மாடிப்படிகளைக் கழித்தேன்,
கடைசி அணிவகுப்பு முழுவதையும் கழித்தேன்.
அந்தப் பதினொரு விநாடியைக் கழிக்கவில்லை.
கறுப்பையும்.

மாலையே திரும்பி வந்தது.
ஜெஹான் வாசிக்காமலே
கையெழுத்து வைத்திருந்தான்.