ஆகவே

ரெயூனியன் தீவு, சேன்-ஆந்த்ரே.
கரும்பாலைக்குப் பின்னால் கழிவுநீர்க் குட்டை.
சனிக்கிழமை வரை தேயிலைச் சாயம்.
திங்கள் காலை பார்த்தால்
யாரோ பச்சைப் பெயின்ட் டப்பாவைக்
கவிழ்த்துவிட்டுப் போன மாதிரி.
மூன்று புட்டி எடுத்தேன்.
விளிம்பில் ஒரு மைனா
நீரைப் பார்த்தது, குடிக்கவில்லை.

நானூறு மடங்கில் யூக்ளினா.
ஒற்றைச் செல். ஓடுகிறது.
முன்னால் ஒரு சாட்டை,
அதன் அடியில் குங்குமப் புள்ளியாய் ஒரு கண்;
எதையும் பார்க்காத கண்,
வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் அதற்குத் தெரியும்.
நெருக்கடியில் உடம்பைப் பிதுக்கி, நெளித்து
அடுத்ததைத் தாண்டிப் போகிறது
கடைசிப் பேருந்தில் வாசலுக்கு நகர்பவர் போல.
வயிற்றில் பச்சையம்.
வெயில் இருந்தால் சமைக்கும்.
இல்லாவிட்டால் அக்கம்பக்கம் கரைந்து கிடப்பதை உறிஞ்சும்.

படிவத்தில் இரண்டு கட்டம்:
பாசி. ஒருசெல் விலங்கு.

முதல் வாரம் இரண்டிலும் எழுதினேன், மில்லிக்கு ஆறாயிரம்.
சேன்-தெனியில் கணினி அதைக் கூட்டிப்
பன்னிரண்டாயிரம் என்றது.
ஆலைக்கு எச்சரிக்கைக் கடிதம் போய்விட்டது.
"பாதி பாதியாகப் பிரித்துப் போடு"
என்றார் மேலாளர் நத்திவேல்.
எந்தப் பாதி? சாட்டைப் பக்கமா, வால் பக்கமா?

தாவரத்துக்குப் பெயர் வைக்க ஒரு சட்டப் புத்தகம்,
விலங்குக்கு வேறொன்று.
இதற்கு இரண்டு கோர்ட்டிலும் வழக்கு.
எப்போதோ இதன் மூதாதை ஒன்று
ஒரு பச்சைப் பாசியை விழுங்கியிருக்கிறது,
செரிக்கவில்லை.
விழுங்கப்பட்டது மூன்று சவ்வைப் போர்த்திக்கொண்டு
இன்னமும் உள்ளே
அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறது.
வீட்டுக்காரர் யார், குடியிருப்பவர் யார் என்று
யாரைப் போய்க் கேட்பது?
தாவரமும் இல்லை, விலங்கும் இல்லை என்று
இப்போது தனிக்கிளை வரைந்துவிட்டார்கள்.
படிவம் அச்சடித்தது எழுபத்தெட்டில்.

ஒரு புட்டியை அலமாரி இருட்டில் மறந்துபோனேன்.
பதினைந்து நாள் கழித்துத் திறந்தால் வெளிறிய சாம்பல்.
அதே உயிர்கள். பச்சை மட்டும் இல்லை.
ஆலைச் சர்க்கரையை உறிஞ்சி
நன்றாகத்தான் இருந்தன.
"இப்போது விலங்கு," என்றாள் ஒதீல் வயாபூரி.
அவள் குரலில் அப்படியொரு நிம்மதி.
ஜன்னலோரம் வைத்தேன்.
மூன்றே நாளில் மறுபடி பச்சை.
கிரியோலில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

ஒதீலுக்கு ஞானஸ்நானமும் உண்டு,
டிசம்பரில் தீமிதியும் உண்டு.
நான் அவளைத் திரும்பிப் பார்த்தது
அவளுக்குத் தெரிந்துவிட்டது.
"என்னை உவமை ஆக்காதே.
எனக்கு ஒரு குறையும் இல்லை,
இரண்டு இடத்திலும் சாப்பாடு போடுகிறார்கள்."

நான் காரைக்காலில் படித்தவள்.
உயிர் என்றும் மெய் என்றும் எழுத்தைப் பிரித்தவர்கள்
ஒன்றை மட்டும் எதிலும் சேர்க்க முடியாமல்
தனிநிலை என்று தனியே உட்காரவைத்தார்கள்.
அது கோபித்துக்கொள்ளவில்லை.
எஃகுக்கு நடுவில் இருக்கிறது,
அஃறிணையிலும் போய் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை
இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டேன்.
நடுவில், கோட்டின் மேலேயே
மூன்று புள்ளி வைத்தேன்:
ஃ
பக்கத்தில் 6,200.

செவ்வாய்க்கிழமை சேன்-தெனியிலிருந்து போன்.
கணக்குப் படித்த பையனின் குரல்.
"மேடம், அந்த மூன்று புள்ளி தெரிகிறது.
'ஆகவே' குறிதானே?
ஆகவே என்ன? அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லையே."

நுண்ணோக்கியின் விளக்கை அணைக்காமல் வந்திருந்தேன்.
சொட்டு ஓரத்தில் காயத் தொடங்கியிருக்கும்.
ஒற்றைக் கண்ணில் பார்த்தேன்.
எல்லாம் வெளிச்சத்தின் பக்கம்
நகர்ந்திருந்தன, ஒன்றைத் தவிர.

"கொஞ்சம் லைனில் இருங்கள்," என்றேன்.
"இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது."