மைனஸ் நூற்றொன்பது கோடி

ஹூசும் ஊரின் விளிம்பில், காற்றாலைகளுக்குக் கீழே,
கால்நடைகளின் இரத்தம் பார்க்கும் ஆய்வகம்.
இரவு பத்தரைக்கு ஃப்ரவுக்க அழைத்தபோது
தீ என்றோ திருடன் என்றோ சொல்லவில்லை.
ஃபேக்ஸ் போகவில்லை என்றாள்.
தீ என்றிருந்தால் மெதுவாகவே போயிருப்பேன்,
அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

இரத்தம் எண்ணும் கருவி
தன் எண்களை ஒரே ஒரு கணினியிடம்தான் சொல்லும்.
அந்தக் கணினிக்கு விண்டோஸ் தொண்ணூற்றெட்டைத் தவிர
எதுவும் செரிக்காது.
அதன் ஹார்ட் டிஸ்க் நேற்று உயிரை விட்டிருந்தது.
அலமாரியில் கிடந்த வேறொன்றை மாட்டி
மத்தியானமே எல்லாம் ஏற்றியாயிற்று,
ஃபேக்ஸ் மென்பொருள் மட்டும் பாக்கி.

பெல்வோர்ம் தீவில் ஒரு பெண்குதிரை
இரண்டு நாளாகத் தின்னவில்லை.
அங்கே வைத்தியர் ஓக்கோ பெட்டர்ஸன்,
தொலைபேசியில் கேட்ட எண்ணில்
ஒரு புள்ளி இடம் மாறிப்போய்
முன்பு ஒரு கன்றைப் பறிகொடுத்தவர்.
அன்றிலிருந்து காகிதம் வேண்டும் அவருக்கு,
கண்ணால் பார்க்க, விரல் வைத்து நகர.

ஏழு ஃப்ளாப்பிகள்.
ஐந்தாவது, கதவிடுக்கில் மாட்டிய பூனைபோலக் கத்தி
பிறகு மனம் மாறியது.
சீரியல் எண் எழுதிய மஞ்சள் அட்டை
கதவுக்குப் பின்னால், தடுப்பூசிப் பட்டியலுக்கடியில்.
மோடத்தின் டிரைவர்தான் குதிரைக்கொம்பாக இருந்தது.
அதுவும் கிடைத்தது, ஸ்டேப்ளர் டப்பாவுக்குள்.

எல்லாம் கொடுத்தபின் அது சொன்னது:
இடம் போதவில்லை.
இருப்பது, மைனஸ் நூற்றொன்பது கோடி பைட்.

ஃப்ரவுக்க என்னைப் பார்த்தாள்.
மைனஸ் இடம் என்றால்
நாம் அதற்குக் கடன்பட்டிருக்கிறோமா?

இல்லை.
இடம் இருக்கிறது, மூன்று ஜிபிக்கு மேல்.
இதை எழுதியவன் காலத்தில்
இரண்டு ஜிபி வெறுமை யாரிடமும் இல்லை.
அதற்கு மேல் எண்ண அவன் விரல் விடவில்லை.
எண்ணிக்கை விளிம்பைத் தாண்டி
மறுபக்கம், பள்ளத்தில் விழுகிறது.

அப்படியானால்?
நிரப்ப வேண்டும்.
இடமில்லை என்பதை நிரப்புவதா?
ஆமாம்.

அவளிடம் இருந்தவை எக்ஸ்ரே சிடிகள்.
ஓட்டப்பந்தயக் குதிரைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு கால்,
முழங்கால், கணுக்கால், குளம்பு.
முதல் சிடி ஓடும்போது கம்பு ரொட்டியில்
ஹெர்ரிங் மீனை வைத்துத் தின்றோம்.
இரண்டாவது ஓடும்போது
விரிசல் விட்ட எலும்பொன்றைத் திரையில் காட்டி
இவன் அடுத்த வருடமே ஜெயித்தான் என்றாள்.
வெளியே காற்றாலைகள் இருட்டை அரைத்துக்கொண்டிருந்தன.

ஒன்றேகால் ஜிபி குதிரைக்கால்.
மறுபடி முதல் ஃப்ளாப்பி.
இப்போது அதற்கு இடம் தெரிந்தது.
ஐந்தாவது கத்தவில்லை.

பன்னிரண்டேகாலுக்கு மோடம் பேசத் தொடங்கியது,
அந்த மூக்கடைத்த கூவல்,
அப்புறம் கரகரப்பு, அப்புறம் தீவிலிருந்து பதில் கூவல்.
ஒரு பக்கம் போக நாற்பது வினாடி.
எங்களுக்குள் யாரும் பேசவில்லை.

பத்து நிமிடத்தில் ஒரு தாள் வந்தது,
அரைகுறைக் கையெழுத்து, சாய்ந்து:
"ஈரலில் குறையில்லை. பல்லைப் பார்க்கிறேன்.
உங்கள் தாளின் தலையில்
ஒன்று ஒன்று தொண்ணூற்றெட்டு என்று இருக்கிறது.
இந்தக் குதிரை பிறக்க இன்னும் பதினோரு வருடம்.
அதற்குள் சாகமாட்டாள் என்று நம்புகிறேன்.
பெட்டர்ஸன்."

உள்ளே ஒரு சின்ன பேட்டரி,
காசு போல வட்டமாக, அதுவும் தீர்ந்திருந்தது.
நாளைக்கு வாங்கி வருகிறேன் என்றேன்.
எந்த நாளைக்கு, என்றாள்.

கோட்டு மாட்டிக்கொள்ளும்போது
வட்டைச் சுத்தம் செய்துவிடவா என்று கேட்டாள்.
செய்யலாம், இனி ஒன்றும் ஆகாது.
ஆனாலும், மறுபடி ஏற்ற நேர்ந்தால், என்றேன்.

ஒட்டுத்தாள் ஒன்றை எடுத்து
பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதி
கணினியின் நெற்றியில் ஒட்டினாள்:
குதிரைக்கால்களை அழிக்காதே.