மூணு மணிக் குலுக்கல்

வியாழக்கிழமை வேனில் வந்த ஜிஷா சிஸ்டர்
அப்பாவின் முதுகுப் புண்ணைக் கழுவிக் கட்டினார்.
வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே
தமிழும் மலையாளமுமாகச் சொன்னார்:
"பறையானுள்ளது இப்பவே பறஞ்ஞோ சேட்டா.
மருந்து கூட்டினா ஆள் உறக்கமாயிடும்."

அன்றிரவு கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதினேன்:
அம்மாவோடு மூணு வருஷம் பேசாமல் இருந்தது ஏன்.
நல்லேபிள்ளிக் காட்டை எவ்வளவுக்கு விற்றது, யாருக்கு.
பயமாக இருக்கிறதா.
கடைசிக் கேள்வியை அடித்தேன்.
பிறகு அதற்குக் கீழேயே திரும்ப எழுதினேன்,
சின்ன எழுத்தில்.

அப்பாவுக்கோ வேறு காரியங்கள் இருந்தன.
"மோட்டார் ஓடுதா? நிறுத்து."
"செவப்பு பக்கெட்ட ஆரு வெயில்ல வெச்சது?"
"சிபு கடையில முந்நூத்தி நாப்பது பாக்கி, குடுத்துரு.
நான் செத்தா அவன் கேக்க மாட்டான்,
அதுக்குத்தான் சொல்றேன்."

பில் என் சட்டைப் பையில் வேர்வையில் ஊறி
மடிப்பில் கிழிய ஆரம்பித்தது.

மத்தியானம் மூணு மணியானால் மட்டும்
எழுப்பாமலே கண் திறப்பார்.
போனைக் காட்டுவார்.
"கடைசி நாலு நம்பர் போதும்."
வாசிப்பேன்.
முப்பத்தொரு வருஷம் வேலந்தாவளத்தில்
சைக்கிள் முன்னால் பலகை கட்டி விற்ற மனுஷன்.
கணவாய்க் காற்றில் டிக்கெட்டெல்லாம் படபடக்க
இந்தப் பக்கத்துக்கு ஒரு 'நாளெ நாளெ',
அந்தப் பக்கத்துக்கு ஒரு 'நாளைக்கு நாளைக்கு'.
செக்போஸ்ட் தாண்டி வந்து வாங்கி
சாக்ஸுக்குள் மடித்துக்கொண்டு திரும்புகிறவர்களிடம்
"விழுந்தா வந்து சொல்லுங்க" என்பார்.
ஒருத்தரும் வந்து சொன்னதில்லை.
தனக்கென்று ஒரு டிக்கெட் எடுத்ததுமில்லை.
இப்போது நான் வாசிக்கிற நம்பருக்கெல்லாம்
எங்கேயோ யாருக்கோ விழுந்துவிட்டதென்று
தலையை ஆட்டிக்கொள்கிறார்.

ஞாயிறு ராத்திரி காற்றில் மரம் விழுந்து கரண்ட் போச்சு.
பஞ்சை நனைத்து அவர் உதட்டில் வைத்தேன்.
பில் பையில்தான் இருந்தது,
இருட்டில் எதைப் படிப்பது.
எழுதாத ஒன்றுதான் வாயில் வந்தது.

"பிஎஸ்ஸி ரெண்டாவது வருஷம்.
நம்ம ஸ்டாப்பிங்ல நின்னுட்டு இருந்தேன்.
முந்தின நாள் கள்ளுக்கு வந்த
கோயமுத்தூர்ப் பசங்க மூணு பேர் கூட இருந்தாங்க.
நீங்க சைக்கிள்ல வந்தீங்க.
பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்க."

அதற்கு மேல் எனக்கு வரவில்லை.
கூரைத் தகரம் ஒருமுறை எழும்பி விழுந்தது.

"பஸ் வருதான்னு பாக்கற மாதிரி
அந்தப் பக்கம் திரும்பிட்ட."

"ஆமாங்ப்பா."

"நானும் பாத்தேன்,
பஸ் வருதான்னு."

சிரித்தாரா, நெஞ்சுச் சளியா, தெரியவில்லை.
கையைத் துழாவி எடுத்தேன்.
டிக்கெட் கிழித்துக் கிழித்துத் தேய்ந்த கட்டைவிரல்
என் உள்ளங்கையில் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது.

"எதுக்குங் கூப்பிட்டீங்க, அன்னைக்கு?"

"கொடை.
மறந்து வெச்சுட்டுப் போயிட்ட.
ஹேண்டில்பார்ல மாட்டிட்டு வந்தேன்."

இருபத்திரண்டு வருஷமாக
அந்தச் சைக்கிளை ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன்,
பலகை, டிக்கெட், துருப்பிடித்த மணி.
குடை இருந்ததில்லை அதில்.

வெகுநேரம் கழித்து,
தூங்கிவிட்டார் என்று கையை விடப்போகையில்,
"மழை பேஞ்சுதா அன்னைக்கு?" என்றார்.

எட்டிமடை தாண்டும் முன்பே பிடித்துக்கொண்டது.
பஸ் ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை.
உக்கடத்தில் நான் இறங்கும்போது
ரெக்கார்டு நோட்டிலிருந்து மசி ஒழுகியது.

"பெய்யலீங்" என்றேன்.

"அப்பச் செரி."

பிறகு,
"மோட்டார நிறுத்திட்டயா?"

"நிறுத்திட்டனுங்."