கால் சுற்று

இந்தக் குளிர்காலத்தில் இது மூன்றாவது தடவை.
பெத்தெஸ்டாவின் மேல்தெரு.
மழை நின்றதா என்று மழைக்கே தெரியாத ஊர்.
அதே பச்சைக் கதவு. அதே நாய்.
பழகிவிட்டேன், குரைப்பதில்லை.
கதவைத் திறந்த மெரெரிட் சொன்னாள்:
"மறுபடியும் செத்துப்போச்சு."

சாகவில்லை.
தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது.
சமையலறை மூலையில் வெள்ளைப் பெட்டி,
நெற்றியில் சிவப்பு விளக்கு.
உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு காவல்காரன்:
தண்ணீர் கொதிக்கத் துணியும் முன்
எரிவாயுவின் கழுத்தைத் திருகிவிடுவான்.
அவனிடம் கெஞ்ச முடியாது.
முதலில் ஆறட்டும், பிறகுதான் பொத்தான்.
"நாங்களே அழுத்திப் பார்த்தோம்" என்றாள்.
"எத்தனை தடவை?"
"அவரைக் கேளுங்கள்."
அவர், இட்வால், முன்னறையில்
கம்பளிக் குல்லாயோடு
ரக்பி பார்த்துக்கொண்டிருந்தார்,
ஒலியில்லாமல்.

முதல் வருகையில் காற்றைக் குற்றம் சொன்னேன்.
ரேடியேட்டர் ஒவ்வொன்றின் முன்னும் மண்டியிட்டுச்
சாவியைத் திருகினேன்.
சீறியது, கறுப்பாய் ஒரு சொட்டு துப்பியது.
அழுத்தமானி ஒன்றரையில் நின்றது.
பணம் வாங்கிக்கொண்டு போனேன்.

இரண்டாம் வருகையில் பம்பைச் சந்தேகித்தேன்.
திருப்புளியின் முனையை அதன் முதுகில் ஊன்றிக்
கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டேன்.
ஓடிக்கொண்டுதான் இருந்தது.
ஆனாலும் மாற்றினேன்.
சொல்ல வெட்கமாக இருக்கிறது.
நல்ல பம்பு. இன்னும் என் வேனில் கிடக்கிறது,
ஒவ்வொரு வளைவிலும் உருள்கிறது.

இன்று பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா நின்றேன்.
பற்றியது. நீலம்.
அறுபது, எழுபது,
மெரெரிட் போட்ட தேநீர் நிறம் இறங்குவதற்குள்
எண்பத்தைந்து.
போகும் குழாயைத் தொட்டேன், கையை உதறிக்கொண்டேன்.
திரும்பும் குழாயைத் தொட்டேன்:
ஆற்றுக் கல்.
சூடு கிளம்புகிறது,
எங்கும் போய்ச் சேரவில்லை.

மாடியேறினேன். உள்ளங்கைதான் கருவி.
பெரிய அறை, சில்லென்று. வால்வில் பூஜ்யம்.
தையல் மெஷின் இருக்கும் அறை, பூஜ்யம்.
அங்கே ஒரு கட்டில், இரண்டு ரஜாய்,
மூன்றாவதாக ஒரு குளிர்கோட்டு.
குளியலறை, நடைவழி: பூஜ்யம், பூஜ்யம்.
இத்தனை பூஜ்யங்களின் முன்னும்
அன்று மண்டியிட்டிருக்கிறேன்.
எண்ணைப் பார்க்கவில்லை.

கீழே வந்து பாய்லரின் திருகைப் பார்த்தேன்:
கடைசிக் கோடு வரை ஏற்றியிருந்தது.
"இது யார்?"
"நான்தான்" என்றாள். "குளிர்ந்தது."
"மேலே மூடியது?"
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் இட்வால் சொன்னார்:
"ஆளில்லாத அறைக்கு எதற்குச் சூடு?"
மடியில் ஒரு பழைய கடித உறை,
அதில் பென்சிலில் மீட்டர் கணக்கு, தேதி வாரியாக.
"நான் எந்த அறையில் தூங்குகிறேன் என்று
நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?"
என்றாள் மெரெரிட்.
என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

நான் சுற்றுவழி வால்வைத் தேடிக் குனிந்தேன்.
எங்கும் போகமுடியாத வெந்நீர்
குறுக்கே திரும்பி வருவதற்கான சின்னப் பாதை.
அதுவும் இறுக்கி மூடியிருந்தது.
இவர்களில் யாருக்கும் அது இருப்பதே தெரியாது.
முதல் வருகையில் நானே மூடியிருக்கலாம்.
கால் சுற்றுத் திறந்தேன்.
சத்தம் மாறியது.
தையல் அறை வால்வின் தலையைக் கழற்றிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்:
தலையில்லாத வால்வு திறந்தே இருக்கும்,
யார் வந்து திருகினாலும்.

பில்லில் பம்பின் விலையைக் கழித்தேன்.
இட்வால் இருமுறை கூட்டிப்பார்த்தார்.
"இன்னும் ஒரு மணி நேரத்தில் எல்லாம் சூடாகிவிடும்" என்றேன்.
எல்லாம் என்றது கொஞ்சம் அதிகம்.

வெளியே சுவர்க்குழாயிலிருந்து
வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருந்தது.
முதல் வளைவில் பம்பு உருண்டது.
சிக்னலில் நிற்கும்போது பார்த்தேன்,
பைக்குள் விரல்கள் அந்தத் தலையைத்
திருகிக்கொண்டிருந்தன:
மூன்று, நான்கு,
மறுபடியும் மூன்று.