தொண்ணூற்றொன்பது

அழைப்பு மையத்தை மூடிவிட்டார்கள்.
லுசாக்காவில் என் குளியலறைதான் இப்போது அலுவலகம்.
கவிழ்த்த வாளிமேல் நான்,
மடியில் கேள்வித்தாள்,
கதவுக்கு வெளியே பள்ளியில்லாத பிள்ளைகள்.
ஒரு நாளைக்கு நாற்பது எண்கள்.
கடைசிக் கேள்விவரை பேசுகிறவர்களுக்கு
இருபது குவாச்சா ரீசார்ஜ்.

வணக்கம், என் பெயர் நமுகோலோ.
இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது.
உங்கள் பதிலில் சரி, தவறு கிடையாது.

பதினோராவது கேள்வி:
தடுப்பூசி பிள்ளைப்பேற்றைப் பாதிக்கும் என்று நினைக்கிறீர்களா?
ஆம் என்றால் ஒன்று.
இல்லை என்றால் இரண்டு.
தெரியாது என்றால் தொண்ணூற்றொன்பது.

கிட்வேயில் ஒரு மினிபஸ் நடத்துநர் சிரித்தார்.
"மூணு பிள்ளை இருக்கு, எனக்கென்ன பயம்?"
பிறகு குரல் இறங்கியது.
"அது எழும்பாமப் போயிடும்னு ஸ்டாண்டுல பேசிக்கிறாங்க.
நீங்க ஏதும் கேள்விப்பட்டீங்களா, மேடம்?"
ஒன்று என்று குறித்தேன்.
அவர் என்னைக் கேட்டதற்குக் கட்டம் இல்லை.

சிப்பாட்டாவில் பள்ளிக்கூடச் சமையல்காரி,
போன வருடம் கருத்தடைக் குச்சி வைத்த கையை
ஊசிக்காரர்களிடம் காட்டவே மாட்டாளாம்.
ஒரே கையில் இரண்டு மருந்து இருந்தால்
சக்களத்திகள்போல் அடித்துக்கொள்ளுமாம்.
அவள் சொன்ன விதத்தில்
எனக்கே சிரிப்பு வந்தது. ம்யூட்டை அழுத்தினேன்.

ஒருத்தி, ஊரைச் சொல்லவில்லை:
"ஊசிக்கப்புறம் மாசத்துல ரெண்டு தடவை வந்துச்சு.
நர்ஸம்மா சிரிச்சாங்க.
சிரிச்சா நான் எங்க போறது?
தெருமுனையில வேர் விக்கிறவன்கிட்ட போனேன்.
அவன் சிரிக்கல."

மோங்குவில் காய்ச்சல் கண்ட ஒரு தாய்
பதினான்கு நாள் பிள்ளைக்குப் பால் கொடுக்கவில்லை.
பாலோடு கிருமி இறங்கும் என்று
பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.
மார் கட்டிப்போய், இரவில்
பழைய துணியில் பீய்ச்சிவிட்டிருக்கிறாள்.
பதினைந்தாம் நாள் எடுத்து அணைத்தபோது
பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டதாம்.
"நான் செஞ்சது சரிதானே?"

சரி, தவறு கிடையாது என்று
நான்தான் முதலிலேயே வாசித்துவிட்டேனே.

முப்பத்தெட்டாவது எண், சோமா.
பெயர் முட்டிந்தா, வயது இருபத்தொன்பது.
பதினோராவது கேள்விக்கு முன்னால்
அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது.
"அஞ்சு வருஷக் குச்சி.
அஞ்சு முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு.
எடுக்கப் போனா, கிளினிக் வாசல்ல கயிறு கட்டி
கொரோனா வார்டுன்னு எழுதியிருக்கு.
வீட்டுக்காரர் லாரியோட எல்லையில நின்னுட்டிருந்தார்,
இப்ப திறந்துட்டாங்க.
வெள்ளிக்கிழமை வர்றார்.
குச்சி இன்னும் வேலை செய்யுமா?"

கருத்துச் சொல்லக் கூடாது.
கேள்வியைத் திரும்ப வாசிக்கலாம்.
இரண்டு முறை வரை வாசிக்கலாம்.

நான் இடது கையின் உட்புறத்தைத் தடவினேன்.
தோலுக்கடியில் இரண்டு தீக்குச்சி கனம்,
என்னுடையது காலாவதியாகி ஆறு வாரம்.
கயிறு கட்டிய வேறொரு வாசலில்
நானும் திரும்பி வந்திருக்கிறேன்.
என் ஆள் சுரங்கத்தில் இருக்கிறான்,
எப்போது வருவான் என்று சொல்வதில்லை.

"எனக்கும் தெரியல" என்றேன்.
பதிவு விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.
"எனக்கும் இருக்கு. எனக்கும் முடிஞ்சுபோச்சு."

அவள் பக்கம் ஒரு சேவல் கூவியது, மாலை நான்கு மணிக்கு.
அவள் தொலைபேசியை ஒரு காதிலிருந்து
இன்னொரு காதுக்கு மாற்றுவது கேட்டது.
"அப்ப நீங்க அதுல என்ன நம்பர் போடுவீங்க?"

வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள்.
யாராவது ஒரு நர்ஸைப் பிடித்துக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
சிரிக்காத நர்ஸாக, என்றாள்.
கேள்வித்தாளின் பின்புறம்
எழுதக் கூடாத அவள் எண்ணை எழுதினேன்.
பதினோராவது கேள்வியைக் கேட்கவே மறந்துவிட்டேன்.

மேற்பார்வையாளரின் செய்தி வந்தது:
முப்பத்தெட்டாவது அழைப்பு ஒன்பது நிமிடம் கூடுதல். காரணம்?

லைன் தெளிவாக இல்லை, என்று அனுப்பினேன்.