கொக்கி இல்லாத கூரை

லாரி கட்டபெட்டோடு நின்றுவிட்டது.
அதன் நீளத்துக்குக் கடைசி வளைவு ஒத்துவரவில்லை.
அங்கிருந்து மினி டெம்போவில் நான்கு நடை.
அடுப்பும் பாத்திரமும் முதலில்,
மெத்தை மேல் புத்தகம் பிறகு,
கதவு கழற்றிய பீரோ தனியாக.
கடைசி நடையில் வந்தன
மூன்று மின்விசிறிகள்,
இறக்கைகளைப் பழைய நாளிதழில் சுற்றி
‘ஹால்’, ‘படுக்கை 1’, ‘படுக்கை 2’ என்று
உன் கையெழுத்தோடு.

வீட்டுக்காரர் போஜராஜ்
அவற்றைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.
சிரிக்கும் முன்
மப்ளரை வாய்க்கு மேல் இழுத்துக்கொண்டார்.

மரப்பலகை உட்கூரை.
ஒரு கொக்கிகூட இல்லை.

*

பெருங்குடியில் ஏழாம் மாடி.
அங்கே இரவு என்பது சத்தங்களின் அடுக்கு.
விசிறி, அதற்கு அடியில் பக்கத்து வீட்டு ஏசி,
அதற்கும் அடியில் ஜெனரேட்டர்,
எல்லாவற்றுக்கும் கீழே சாலை.
இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினோம்.

இங்கே நிஜப் போர்வையே மூன்று.
ஆனாலும் காது மட்டும்
வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கிறது.
தகரத்திலிருந்து பனி சொட்டுவது,
குழாய்க்குள் காற்று ஏப்பம் விடுவது,
உன் மூக்கின் இடது துளை
லேசாக விசிலடிப்பது.
பதினான்கு வருடம் அருகில் படுத்தும்
கேட்காத விசில்.

மூன்றாம் இரவு நீ கைப்பேசியில்
விசிறிச் சத்தம் தேடிப் பிடித்துத்
தலையணைக்கடியில் ஓடவிட்டாய்.
ஒரு மணிக்கு சிக்னல் போனது.
விசிறி நின்றது.
இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்து
வியர்க்கிறதா என்று
கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம்.

*

பதினோரு மாத ஒப்பந்தம்.
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது அச்சில்.
அதற்குக் கீழே பேனாவால் போஜராஜ்:
‘ராத்திரியில் ஜன்னலோரம் எண்ணெய் வைக்க வேண்டாம். கரடி.’
கரடிக்குக் கீழே
நம் இருவர் கையெழுத்து.

தீப்பெட்டி நமத்துப்போனது.
மாவு பொங்கவில்லை என்று
பாத்திரத்துக்கு உன் கம்பளி பனியனை மாட்டிவிட்டேன்.
காலையில் இட்லி வந்தது.
பனியனைத்தான் துவைத்து ஐந்து நாள் ஆகியும்
உலர்த்த முடியவில்லை.
விசிறி இருந்தால், என்று ஆரம்பித்தாய்.
மூலையில் இருந்தன மூன்றும்.

*

ஜூன் சாரலில் வந்து நின்றாள்
போஜராஜின் மகள் சசிரேகா.
கோயம்புத்தூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.
சரவணம்பட்டியில் நான்காம் மாடியில் அறை.
வாடகை கேட்டேன்.
இந்த வீட்டைவிட இரண்டாயிரம் கூட.
‘அக்கா, அந்த ஃபேன்ல ஒண்ணு
சும்மாதானே இருக்கு?’

‘படுக்கை 2’ஐ எடுத்துத் துடைத்தேன்.
அதிகம் சுற்றாத விசிறி.
யாருக்கென்று ஒதுக்கினோமோ
அவர்கள் வராத அறை.
உனக்குத் தெரியாது,
சண்டையில்லாத சில இரவுகளிலும்
நான் அங்கே போய்ப் படுத்ததுண்டு.

‘மூணுல வெச்சா டிக்டிக்குனு ஒண்ணு கேக்கும்.
ரிப்பேர் இல்ல.
எண்ணிக்கிட்டே இருந்தா தூக்கம் வந்துடும்.’
தலையாட்டினாள்.
அதே மினி டெம்போ.
இந்த முறை ஒரே நடை.

*

பத்து நாள் கழித்து நள்ளிரவில் செய்தி:
‘தூக்கமே வரலக்கா. நானூறு வரைக்கும் எண்ணிட்டேன்.
நம்ம வீட்டுச் சத்தம் கொஞ்சம்
ரெக்கார்ட் பண்ணி அனுப்புறீங்களா?’

நம்ம வீடு.
வாடகை வாங்குபவரின் மகள் சொன்னது.

ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து
கைப்பேசியை வைத்தேன்.
நான்கு நிமிடம்.
போட்டுக் கேட்டால் ஒன்றுமே இல்லை.
எங்கோ கீழே யாரோ ஒரு நாயை அதட்டுகிறார்.
பிறகு நெடுநேரம் ஒன்றுமே இல்லை.
முடியும் இடத்தில்
உன் விசில்.

வெட்டலாமா என்று பார்த்தேன்.
அப்படியே அனுப்பிவிட்டேன்.